கல்லைப் பொடித்துக் கொட்டினால் போதுமா?

கடலுக்குள் கரியமில வாயுவைப் பூட்டிவைப்பது பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேதியியல் எல்லாம் தெரிந்த கதைதான். கல்லைப் பொடித்தோ சுண்ணாம்பைக் கரைத்தோ கடலில் கலந்தால் நீரின் காரத்தன்மை கூடும். கூடினால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் கடல் தானாக இழுத்துக்கொள்ளும். இனி வேண்டியதெல்லாம் கப்பலும் காசும்தான் என்கிறார்கள். முதலீட்டாளர் கூட்டங்களில் இது வண்ணப்படங்களோடு வருகிறது, பத்திரிகைகளில் நம்பிக்கைச் செய்தியாக வருகிறது. ஆய்வகத்தில் ஒரு பீக்கரின் முன்னால் நாலைந்து ஆண்டுகளைக் கழிக்கும் முனைவர் பட்ட மாணவர்கள் இந்தப் பார்வையில் வெறும் வேகத்தடைகள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஓர் உள்ளூர்க் கிளையும் உண்டு. கடல் ஆராய்ச்சி என்றால் சென்னை, தூத்துக்குடி, மண்டபம், மிஞ்சிப்போனால் கோவா. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே, சிறுமலை அடிவாரத்தில் இருக்கும் காந்திகிராமத்தில் ஒரு மாணவி கடல்நீரில் துகள்கள் என்ன செய்கின்றன என்று ஆராய விரும்பினால், அவள் சந்திக்கும் முதல் கேள்வி ‘இங்கே ஏது கடல்?’ என்பதாகத்தான் இருக்கும்.

இரண்டும் ஒரே பிழையிலிருந்து முளைத்தவை. கடலின் அகலத்தைப் பார்த்து மயங்கியவர்கள், அதில் விழும் துகளின் மேற்பரப்பைப் பார்க்க மறந்துவிட்டார்கள். கடல் வாயுவை உறிஞ்சுமா, உறிஞ்சியதைத் திருப்பித் துப்புமா என்பது அந்த மேற்பரப்பில்தான் முடிவாகிறது.

எதிர்த்தரப்புக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் இருப்பதைப்போல சுமார் ஐம்பது மடங்கு கரிமம் கடலில் கரைந்து கிடக்கிறது, அதில் பெரும்பகுதி பைகார்பனேட் வடிவில். அந்த வடிவில் இருக்கும்வரை அது பல்லாயிரம் ஆண்டுகளுக்குக் காற்றுக்குத் திரும்பாது. கல் கரைந்தால் பைகார்பனேட் உண்டாகும் என்பதும் உண்மைதான். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் சேலத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே வெள்ளைக்கல் என்று மக்கள் சொல்லும் மேக்னசைட், டூனைட் என்ற கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது. டூனைட்டின் பெரும்பகுதி ஆலிவின் என்ற கனிமம். கரியமில வாயு கலந்த நீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி ஆலிவினைக் கரைக்க, வாயு மேக்னீசியத்தோடு சேர்ந்து கல்லாக உறைந்தது. ஆக, காற்றைக் கல்லாக்கும் வேலையை இயற்கை நம் வீட்டுப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறது. கணக்குப்படி ஒரு டன் தூய ஆலிவின் முழுவதும் கரைந்தால் ஒன்றேகால் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான், சேலத்து டூனைட்டை லாரியில் ஏற்றித் தூத்துக்குடியில் கொட்டினால் வேலை முடிந்தது என்ற கனவு விற்கப்படுகிறது. கணக்கில் ‘முழுவதும் கரைந்தால்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சண்டையே அதில்தான்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாங்க்ஸ், ஸ்பியர்ஸ் என்ற இருவர் 2009-இல் இதைக் கணக்கிட்டார்கள். நடுத்தர மணல் அளவில், அதாவது 300 மைக்ரான் பருமனில் ஆலிவினைக் கடற்கரையில் பரப்பினால், 25 பாகை வெப்பமுள்ள நீரிலேகூட, எதிர்பார்க்கும் வேகத்தில் வாயுவைப் பிடிக்கத் தொடங்க அதற்குச் சுமார் 700 ஆண்டுகள் ஆகும். 15, 20 ஆண்டுகளுக்குள் பயன் வேண்டுமென்றால் துகள் 10 மைக்ரானைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். 25 பாகை என்பது குளிர்நாட்டுக் கடலின் கணக்கல்ல, ஏறக்குறைய நம் கடலின் கணக்கு. ஆக வெப்பமண்டலம் என்ற சலுகையும் இதில் ஏற்கெனவே செலவாகிவிட்டது.

சரி, நன்றாக அரைத்துவிடலாம் என்பார்கள். அரைக்கலாம். ஆனால் கரைவதற்குள் துகள் மூழ்கிவிடக் கூடாதே. பாடப்புத்தகத்தில் இருக்கும் ஸ்டோக்ஸ் விதியைப் போட்டுப் பார்த்தால், 10 மைக்ரான் ஆலிவின் துகள் நாளொன்றுக்குச் சுமார் 10 மீட்டர் இறங்கும். காற்றோடு உறவாடும் மேல்நீர் வங்கக் கடலில் பல இடங்களில் சில பத்து மீட்டர் ஆழம்தான். ஒரு வாரத்துக்குள் துகள் அந்த அடுக்கைத் தாண்டிவிடும். அதற்குக் கீழே கரைந்து என்ன பயன்? அந்த நீர் மேலே வந்து காற்றைச் சந்திக்கும்வரை ஒரு பலனும் இல்லை. ஜெர்மனியின் ஆல்ஃபிரெட் வெகனர் ஆய்வகத்தைச் சேர்ந்த கோலரும் சக ஆய்வாளர்களும் 2013-இல் திறந்த கடலுக்கு இதையே கணக்கிட்டபோது, துகள் சுமார் 1 மைக்ரான் அளவுக்கு அரைபட வேண்டும் என்று வந்தது. அந்த அளவுக்கு அரைக்கும் ஆற்றலே, பிடிபடும் வாயுவின் ஆதாயத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை விழுங்கிவிடுகிறது.

இதுவும் துகள் தனியாக, தன் பாட்டுக்கு இறங்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. கடலில் எதுவும் தனியாக இருப்பதில்லை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நன்னீரில் களித்துகள்கள் ஒன்றையொன்று மின்விசையால் தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். கடல்நீரின் உப்பு அந்த விலக்குவிசையை அரை நானோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்குள் அடக்கிவிடுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, ஒட்டுகின்றன, கட்டியாகின்றன. பாசிகள் சுரக்கும் பிசின் அவற்றைக் கோர்க்கிறது. 1 மைக்ரானுக்கு அரைத்துச் செலவழித்த மின்சாரமெல்லாம், துகள்கள் ஒட்டி மறுபடி 50 மைக்ரான் உருண்டையாகிவிட்டால் என்ன ஆகும்? அந்த உருண்டையின் உள்ளே நீர் புகுந்து கரைக்குமா, வெளித்தோல் மட்டும் கரையுமா? மேல்தோலில் சிலிக்கா படலம் படிந்து உள்ளே இருப்பதை மூடிவிடுமா? வேகத்தடை என்று ஏளனம் செய்யப்படும் மாணவர்கள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுண்ணாம்புக் கதை இன்னும் சுவாரசியம். இதைப் புரிந்துகொள்ளத் திண்டுக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரே போதும். சின்னாளப்பட்டியில் போர் தண்ணீரைச் சுடவைக்கும் வீடுகளில் ஹீட்டர் கம்பியைப் பார்த்தால் வெள்ளையாகக் காறை பிடித்திருக்கும். சில மாதங்களில் கம்பியே தெரியாது, சுரண்டினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். நீரில் கரைந்திருந்த கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக வீழ்ந்த படிவு அது. இந்த வினையில் பலரும் கவனிக்காத பக்கம் ஒன்று இருக்கிறது. இரண்டு பைகார்பனேட் சேரும்போது ஒன்று கல்லாகிறது, இன்னொன்று கரியமில வாயுவாகக் காற்றுக்குப் போகிறது. கல் உருவாகிறதே, நல்லதுதானே என்று மேலோட்டமாகத் தோன்றும். கடலில் நாம் கூட்ட நினைத்த காரத்தன்மையை அது காலி செய்கிறது என்பதுதான் உண்மை.

ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தில் மோராஸ் தலைமையிலான குழு இதையே கடல்நீரில் சோதித்து 2022-இல் வெளியிட்டது. சுட்ட சுண்ணாம்பையும் நீற்றிய சுண்ணாம்பையும் இயற்கைக் கடல்நீரில் கலந்தார்கள். நீரின் இயல்பான காரத்தன்மையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும் அளவுக்குச் சேர்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு என்று உயர்த்தியபோது நிலைமை தலைகீழானது. கால்சியம் கார்பனேட் வீழத் தொடங்கியது, தொடங்கியது நிற்கவில்லை. கடைசியில் சேர்த்ததைவிட அதிகமான காரத்தன்மை நீரிலிருந்து போயிருந்தது. சுண்ணாம்பு போடாமலே இருந்திருந்தால் கடல் கூடுதலாக வாயுவைத் தாங்கியிருக்கும் என்று அதற்குப் பொருள்.

அந்த ஆய்வில் இன்னொரு சிறு சோதனை உண்டு, அதைத்தான் திட்டம் போடுகிறவர்கள் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். துகளே இல்லாமல், கரையும் சோடியம் கார்பனேட்டைக் கொண்டு காரத்தன்மையை உயர்த்தினார்கள். வீழ்படிவு வரவில்லை. பிறகு அதில் குவார்ட்ஸ் துகள்களைச் சேர்த்தார்கள். குவார்ட்ஸ் என்றால் மணல்தான், வேதியியலில் சாது. படிகம் உட்கார ஓர் இடம் கிடைத்ததும் கால்சியம் கார்பனேட் வீழத் தொடங்கியது. நீர் அதே நீர், கூட்டிய காரமும் அதே அளவு. மாறியது துகள் மட்டும்.

இந்த முடிவை வங்கக் கடலுக்குப் பொருத்திப் பார்க்க ஆஸ்திரேலிய பீக்கர் போதாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் காவிரியும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும் கடல் இது. படிகம் உட்கார இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பாதுகாப்பான அளவு என்று வேறோர் இடத்தில் கண்ட எண் இங்கே குறைவாக இருக்கலாம். நம் நீரில் கரைந்திருக்கும் கரிமப்பொருள் துகளின் மேல் பூசிக்கொண்டு படிகம் வளர்வதைத் தடுத்தால் கூடுதலாகவும் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். அளப்பது யார்?

‘வேதியியல் தெரிந்ததுதான்’ என்ற வாதத்துக்கு இந்தியா தன் சொந்தச் செலவில் ஒரு பதில் வைத்திருக்கிறது. அது மறக்கப்பட்டதுதான் ஆச்சரியம். 2009 ஜனவரியில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக்கப்பல் கேப் டவுனிலிருந்து தென்கடலுக்குப் புறப்பட்டது. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஆல்ஃபிரெட் வெகனர் ஆய்வகமும் சேர்ந்து நடத்திய லோகாஃபெக்ஸ் சோதனை அது. வாஜிஹ் நக்வி இந்தியத் தரப்புக்கும் விக்டர் ஸ்மெட்டாசெக் ஜெர்மன் தரப்புக்கும் தலைமை தாங்கினார்கள். தென்கடலில் இரும்புச் சத்து குறைவு, இரும்பைப் போட்டால் பாசி பெருகும், பாசி கரியமில வாயுவை உண்டு மடிந்து ஆழத்துக்கு இறங்கும் என்பது கருதுகோள். ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சகம் எதிர்த்தது, ஆராய்ச்சி அமைச்சகம் மறு ஆய்வுக்குப் பிறகு அனுமதித்தது, கப்பல் நடுக்கடலில் காத்திருந்தது. இரும்பு உரமிடுதலுக்குப் பொறுமை காட்டச் சொல்லி உயிரினப் பன்மய உடன்படிக்கை நாடுகள் 2008-இல் பான் நகரில் முடிவெடுத்திருந்ததால் வந்த சர்ச்சை அது.

ஒருவழியாக 300 சதுர கிலோமீட்டர் நீர்ச்சுழலில் இரும்பு சல்பேட் கரைசல் கலக்கப்பட்டது. பாசி பெருகியது. கருதுகோளின் முதல் பாதி ஜெயித்தது. ஆனால் அந்த நீரில் சிலிக்கா அமிலம் தீர்ந்துபோயிருந்தது, கண்ணாடி ஓடு கட்டும் டயாட்டம் பாசிகளால் வளர முடியவில்லை. வளர்ந்தவை மிகச் சிறிய, ஓடில்லாத வகைகள். கோப்பிபாட் என்னும் பொடி ஓட்டுயிரிகள் அவற்றை மேய்ந்தன, கோப்பிபாட்களை ஆம்பிபாட்கள் பிடித்துத் தின்றன. பிடித்த கரிமம் மேல்நீரிலேயே சுற்றிச் சுழன்று மூச்சாக வெளியேறியது. ஆழத்துக்கு இறங்கும் துகள்களின் ஓட்டம் கூடவே இல்லை என்று 2013-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது.

இதோடு ஒப்பிட வேண்டியது அதே ஸ்மெட்டாசெக் 2004-இல் நடத்திய ஐஃபெக்ஸ் சோதனை. அதே தென்கடல், அதே இரும்பு. அங்கே சிலிக்கா இருந்தது, டயாட்டம்கள் சங்கிலி சங்கிலியாக வளர்ந்தன. மடிந்தபோது ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகி விரைவாக மூழ்கின. பெருக்கத்தில் குறைந்தது பாதி 1,000 மீட்டருக்குக் கீழே போனது என்று 2012-இல் அறிவித்தார்கள். ஒன்று வெற்றி, மற்றொன்று தோல்வி. இரண்டையும் பிரித்தது உண்டான துகள் எதனோடு ஒட்டியது, எதன் வாயில் விழுந்தது என்ற விவரம். அந்த விவரம் தெரியாமல் கணக்குப் போட்ட எவருக்கும் இரண்டு சோதனைகளுக்கும் ஒரே விடைதான் வந்திருக்கும்.

வங்கக் கடலைப் பற்றியும் கைவசம் ஒரு பாடம் இருக்கிறது. 1987 முதல் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் கோவா நிறுவனமும் சேர்ந்து வங்கக் கடலின் ஆழத்தில் புனல் போன்ற பொறிகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து விழும் துகள்களை மாதக்கணக்கில் சேகரித்தன. வேணுகோபாலன் இட்டேக்கோட்டும் சகாக்களும் 1991-இல் வெளியிட்ட முடிவுப்படி, ஆற்றுநீர் பாயும் பருவத்தில் ஆழத்துக்கு இறங்கும் துகள்களின் அளவு கூடுகிறது. ஆறு கொண்டுவரும் கனிமத் துகள் உயிர்ப்பொருளோடு ஒட்டி, அதற்கு எடை கொடுத்து, மட்கும் முன்பே கீழே இழுத்துப்போகிறது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முகுல் சர்மாவின் குழு, களித்துகள்களை வேண்டுமென்றே பாசிப் பெருக்கத்தில் தூவினால் அதே வேலை நடக்குமா என்று சோதித்து 2024 இறுதியில் கட்டுரை வெளியிட்டது. களி பாசிக்கழிவோடு ஒட்டிக் கட்டியாவதையும், விலங்கு மிதவையுயிர்கள் அதைத் தின்பதையும் காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் மெய்ன் வளைகுடா நீரில் கண்டதை அப்படியே தூக்கி வங்கக் கடலில் வைக்க முடியாது. நம் கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே நூலிழையில் நிற்கிறது. உயிர்ப்பொருளைக் கூடுதலாக இறக்கினால், அது மட்கும்போது மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிட்டால், நைட்ரஜன் சுழற்சியே வேறு பாதைக்குத் திரும்பும். கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பம் பிடிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

ஆராய்ச்சியைப் பின்னால் தள்ளிவிட்டு விற்பனையை முன்னால் வைத்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2012-இல் கனடாவின் ஹைடா குவாய் தீவுகளுக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்பு சல்பேட்டைக் கொட்டினார்கள், சால்மன் மீனும் வரும், பிடித்த கரிமத்தின் கணக்கில் விற்கும் கார்பன் கிரெடிட்டும் வரும் என்று. வந்தது அரசு விசாரணை. ரன்னிங் டைட் என்ற அமெரிக்க நிறுவனம் 2023-இல் ஐஸ்லாந்துக் கடலில் சுண்ணாம்புத் தூள் பூசிய மரச்சில்லுகளைச் சுமார் 19,000 டன் கொட்டியது. பெரிய பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் அதன் கிரெடிட்டுகளை வாங்கின. 2024 ஜூனில் நிறுவனமே மூடப்பட்டது. சில்லுகள் கடலடியில் கிடக்கின்றன, அவை எவ்வளவு காலம் கரிமத்தைப் பிடித்துவைக்கும் என்று சொல்ல வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

காலம் இல்லை என்ற எதிர்வாதத்துக்கு எடை உண்டு. வெப்பநிலை ஏறிக்கொண்டிருக்கிறது, ஐ.நா. காலநிலைக் குழுவே உமிழ்வைக் குறைப்பதோடு காற்றிலிருக்கும் வாயுவை அகற்றவும் வேண்டியிருக்கும் என்கிறது. ஆனால் அவசரத்தின் பெயரால் கடலில் இறங்குகிறவர்களில் கவனமானவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் 2025 ஆகஸ்டில், அரசு அனுமதியோடு, மெய்ன் வளைகுடாவில் 60,000 லிட்டருக்கும் மேல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சாயத்தோடு கலந்துவிட்டுப் பின்தொடர்ந்தது. கொட்டியது பொடியே அல்ல, முழுக்கக் கரைந்த திரவம். துகள் என்ற தலைவலியே முதல் சோதனையில் வேண்டாம் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? கல்லும் சுண்ணாம்பும் மலிவு என்பதால் வணிகத் திட்டங்கள் பல பொடியை நம்பியிருக்கின்றன. பொடியில்தான் தெரியாதது அதிகம்.

ஒரு முனைவர் பட்ட மாணவருக்கு ஐந்தாண்டு உதவித்தொகை கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு கப்பலை ஒரு மாதம் ஓட்டும் செலவில் சிறு பங்கு. கடலில் தவறாகக் கொட்டியதைத் திரும்ப அள்ளவும் முடியாது.

இனி காந்திகிராமத்துக்கு வரலாம். 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில், 1956-இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஊருக்கு உதவும் கல்வி என்பது அதன் அடிப்படை. அப்படியானால் கடல் எதற்கு என்று கேட்பவர்கள், அதே நிறுவனத்தின் வேதியியல் துறை என்ன செய்துவந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. நிலக்கோட்டை வட்டாரம் உட்பட மாவட்டத்தின் பல கிராமங்களில் குடிநீரில் ஃப்ளோரைடு அதிகம், குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவே அதைப் பார்க்கலாம். அதை நீக்க ஹைட்ராக்சி அபடைட், மக்னீசியா, கைட்டோசான் போன்ற பொருள்களைத் துகளாக்கி நீரில் விட்டு, எந்த அயனி எந்தத் துகளின் மேல் எவ்வளவு வேகத்தில் ஒட்டுகிறது, துகளின் மின்னேற்றம் எந்தக் காரநிலையில் திரும்புகிறது, உடன் இருக்கும் பைகார்பனேட் எப்படிக் குறுக்கே வருகிறது என்று அந்தத் துறை கட்டுரை கட்டுரையாக வெளியிட்டிருக்கிறது. இதைத்தான் கடல்நீருக்கும் செய்ய வேண்டும். மக்னீசியாவைத் தண்ணீரில் போட்டால் காரம் எக்கச்சக்கமாக ஏறிவிடும் என்பது ஃப்ளோரைடு ஆய்வுகளில் தலைவலி. கடல் கார்பன் திட்டங்களில், அது நீரோடு சேர்ந்து உண்டாகும் மக்னீசியம் ஹைட்ராக்சைடுதான் கதாநாயகன். போதாக்குறைக்குக் கைட்டோசான் வருவது இறால், நண்டு ஓடுகளிலிருந்து. கடல் காந்திகிராமத்து ஆய்வகத்துக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது.

தூத்துக்குடி சுமார் 200 கிலோமீட்டர். செயற்கைக் கடல்நீரை உப்புகளைக் கலந்து ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம். உயிர்ப்பொருள் கலந்த உண்மையான நீர் வேண்டுமானால் காலையில் பேருந்து ஏறி மாலையில் கேனோடு திரும்பலாம். காரத்தன்மையை அளக்க அமிலமும் பியூரெட்டும் பி.எச். மீட்டரும் வேண்டும், துகளை வடிக்க 0.45 மைக்ரான் வடிதாள் வேண்டும். இதில் எது கடற்கரையில் மட்டும் கிடைக்கிறது?

திண்டுக்கல்லுக்குக் கடலோடு உறவு ஆய்வகத்தில் மட்டும் இருக்கிறது என்றும் நினைத்துவிடக் கூடாது. பழனி மலைச் சரிவுகளின் நீர் ஒரு பக்கம் குடகனாறாக அமராவதி வழியே காவிரிக்கும், மறு பக்கம் மஞ்சளாறும் மருதாநதியுமாக வைகைக்கும் போகிறது. மலைப்பாறை கரைந்து வரும் பைகார்பனேட் அந்த வழியில்தான் வங்கக் கடலுக்குச் சேர்கிறது. வயலில் கல்பொடி தூவிக் கார்பனைப் பிடிக்கும் திட்டங்கள் இந்தியாவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. சிறு விவசாயிகளின் நிலங்களில் பசால்ட் பொடி தூவும் மாட்டி கார்பன் என்ற நிறுவனம் 2025 ஏப்ரலில், கார்பன் அகற்றலுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. வயலில் கரைந்த பைகார்பனேட் கடல்வரை பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கும் நிற்கும். வழியில் போர் தண்ணீர் ஹீட்டரில் நடப்பது வாய்க்காலில் நடந்தால் கிரெடிட்டில் பாதி ஆவியாகிவிடும். நாளைக்கு இந்தப் பொடி ஆத்தூர், வத்தலகுண்டு வயல்களுக்கு வந்தால், அதைச் சரிபார்க்கத் தகுதியான ஆய்வகம் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

குரோமியம் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றி நிலத்தடி நீர் என்ன ஆனது என்று அவர்களுக்குத் தெரியும். டூனைட்டில் நிக்கலும் உண்டு, குரோமியமும் உண்டு. குரோமியம் பெரும்பாலும் குரோமைட்டாகப் பூட்டிக்கிடக்கிறது, எளிதில் கரையாது. நிக்கல் ஆலிவினுக்குள்ளேயே இருப்பதால் ஆலிவின் கரையும்போது கூடவே வெளியே வரும். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளுக்கு மேல் கலங்கல் நின்றால் ஒளி மறையும், சிப்பிகள் நீரை வடிகட்டி உண்பவை. காரத்தன்மை கூடினால் பவளத்துக்கு நல்லது என்பது பாதி உண்மை, பொடி அதன் மேல் படிந்தால் என்ன என்பது மறு பாதி. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட தமிழகக் கரையில் மீனவர்களிடம் யார் போய் என்ன சொல்லி அனுமதி கேட்கப் போகிறார்கள்? இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கலக்க ஒரு நிறுவனம் திட்டமிட்டபோது, 2023-இல் உள்ளூர் மக்கள் கடற்கரையில் திரண்டு எதிர்த்தார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி, துகள் எங்கே போகும், யார் வாயில் விழும் என்பதுதான்.

ஆகவே இந்தத் திட்டங்களைக் கொண்டுவரும் எவரிடமும் அமைச்சகமும் பல்கலைக்கழகங்களும் கடற்கரைப் பஞ்சாயத்துகளும் மூன்று எண்களைக் கேட்க வேண்டும். கொட்டும் துகளில் எத்தனை பங்கு மேல்நீரில் இருக்கும்போதே கரைகிறது? கரைந்ததில் எத்தனை பங்கு மறுபடி கார்பனேட்டாக வீழ்கிறது? மிச்சம் எந்த உயிரின் உடலுக்குள் போகிறது? மூன்றும் வங்கக் கடல் நீரில் அளந்தவையாக இருக்க வேண்டும், அளந்தவர் அந்த கிரெடிட்டில் பங்கு இல்லாதவராக இருக்க வேண்டும். அதைக் காட்ட முடியாதவரிடமிருந்து ஒரு டன் கார்பன் கிரெடிட்டைக்கூட யாரும் வாங்க வேண்டாம்.